வாசல் இல்லாத அறையில் மேஸ்திரி

என் வாயில் மிச்சமிருப்பவை மூன்றே பற்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு. அந்த மூன்றின் மேலும் சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் மூன்றும் இப்போதே பொலபொலவென்று உதிரட்டும்.

கொஞ்சம் பொறுங்கள்.

உதிரவில்லை. சரி, தொடரலாம்.

நான் நாற்பது வருஷம் தபால்காரனாக இருந்தவன். நான் படியேறாத வீடு இல்லை. ஒரு வீடு எவ்வளவு ஒல்லி என்றால், அந்தக் குடும்பம் சாப்பிடும்போது பஸ்ஸுக்கு நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். சாப்பாடு கடைசி ஆளுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். இன்னொரு வீடு ஒற்றைத் தூணின் மேல் நின்றது. காற்றடித்தால் மெதுவாகத் திரும்பிக்கொள்ளும். காலையில் கிழக்கு வாசலில் மணியடித்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருந்தால், மதியம் சமையலறை ஜன்னல் எதிரே நின்றுகொண்டிருப்பேன். சுவரெல்லாம் கண்ணாடியாக இருந்த ஒரு வீட்டில், வீட்டுக்காரர் சட்டை மாற்றப் பக்கத்து வீட்டுக்குப் போவார்.

இதையெல்லாம் பார்த்து நான் குழம்பியதே இல்லை. தலைசுற்றி நின்றது ஒரே ஒரு வீட்டில்தான்.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். என் கையில் ஒரு பதிவுத் தபால். பெறுபவர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்கலாம். முகவரியில் "மேஸ்திரி, கட்டிக்கொண்டிருக்கும் புது வீடு" என்று இருந்தது.

போனேன். சுவர்களெல்லாம் எழும்பி நின்றன. கூரை போடுவதற்காக மேலே பலகை அடித்துக் கம்பி கட்டியிருந்தார்கள். கூடத்தின் நட்டநடுவே மட்டும் பலகை இல்லை, வானம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே ஒரு வட்டச் சுவர் நின்றது. கிணற்றைத் தரையிலிருந்து பிடுங்கி மேலே வைத்ததுபோல. பத்து அடி உயரம், எட்டு அடி அகலம். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சாவித்துவாரம்கூட இல்லை.

சிமெண்ட் மூட்டைகளின் மேல் ஆறு வேலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மேஸ்திரி எங்கப்பா?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் வட்டச் சுவரைக் காட்டினார்கள்.

"பின்னாடியா?"

"உள்ள."

"உள்ள எப்படிப் போனாரு?"

"போகல. உள்ள நின்னுகிட்டே கட்டினாரு. கட்டி முடிச்சுட்டாரு."

சுவருக்குள்ளிருந்து கனமான குரல் வந்தது. "யாரது?"

"தபால்! கையெழுத்துப் போடணும்!"

"கொஞ்ச நேரம் ஆகும். உட்காருங்க."

உட்கார ஓர் இடம் கண்ணில் பட்டது. சிமெண்டில் செய்த சின்ன இருக்கை. மூன்று உருண்டைகள், ஆறு கால்கள், முன்னால் இரண்டு கொம்புகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். கால் வலித்தால் யாரும் உருண்டைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுச் சொந்தக்காரரும் அங்கேதான் இருந்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். வாசலைத் தேடி வட்டச் சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"இந்தத் தபால்காரரை நான் முன்னாடியே பாத்தேனே?" என்றார் என்னைக் கடக்கும்போது.

"போன சுத்துல பாத்தீங்க," என்றேன்.

"அப்ப நான் வந்த வழியாவே போறேனா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி சுற்றப் போனார்.

சுவரின் எதிரே இடுப்பில் கை வைத்து ஓர் அம்மா நின்றார். அந்த வீட்டுக்குப் பிளான் போட்டவர் அவர்தான். பக்கத்தில் ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் டம்ளருமாக அவருடைய மகள் நின்றாள். பத்து வயது. ஆள் மெலிசு, பார்வை கூர்மை. அதனால் எல்லாரும் அவளைக் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள்.

"மேஸ்திரி! இந்த வட்டத்தை நான் வரையவே இல்ல!" என்றார் அம்மா.

"பிளான்ல இருக்கு மேடம்."

"இல்ல!"

"இருக்கு!"

உள்ளிருந்து கயிற்றில் கட்டிய வாளி ஒன்று சுவரைத் தாண்டி வந்தது. அதில் பிளானின் நகல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விரித்தோம். கூடத்தின் நடுவே கறுப்பாக, அழகாக, ஒரு வட்டம். அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள், ஆறு கோடுகள், முன்னால் இரண்டு மீசை.

"மேஸ்திரி, இது எறும்பு!" என்று அம்மா கத்தினார்.

நான் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எறும்புன்னு எழுதலையே மேடம். அளவெடுத்தேன், கட்டினேன்."

இந்த இடத்தில் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். பிளானிலிருந்து அரை அங்குலம்கூட விலகியதில்லை. முதன்முதலாக இந்த அம்மாவோடு வேலை செய்தபோது, ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு கேள்வி கேட்டாராம். அம்மா பொறுமையிழந்து, "மேஸ்திரி, பிளான்ல இருக்கறதக் கட்டுங்க. என்னைக் கேள்வி கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மேஸ்திரி கேட்பதில்லை. இந்த வீடு எழும்பிய நாலு மாதமும் அம்மா வெளியூரில், மலைச்சரிவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அன்றுதான் திரும்பியிருந்தார்.

"சரி, ஏணி போடறோம். ஏறி வெளிய வாங்க."

"பிளான்ல ஏணி இல்ல மேடம்."

"அப்ப சுவரை இடிங்கப்பா!"

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். "மேஸ்திரி கட்டின சுவரை மேஸ்திரி சொல்லாம தொடமாட்டோம்மா."

அம்மாவே சுத்தியலை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். சுத்தியலின் பிடி இரண்டாக உடைந்தது. சுவரில் பொட்டளவு தூசிகூட உதிரவில்லை.

"ரொம்ப நன்றி மேடம்," என்றது உள்ளேயிருந்த குரல். "காஞ்சிடுச்சான்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

(பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்றும் இருக்கின்றன.)

"மேஸ்திரி, நாலு மணிக்குக் கலவை வண்டி வருது. கூரை போடணும். ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பிளான்ல கூரை முழுசா இருக்கு. இந்த ஓட்டைக்கும் பலகை அடிச்சு, போட்டுடுங்க."

"அப்ப நீங்க?"

"நானா? நான் வீட்டுக்குள்ளதானே இருக்கேன். வெளியவா இருக்கேன்?"

ரயில்காரர் நடப்பதை நிறுத்திவிட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்போது மணி மூன்று.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரியின் குரல் தணிந்து வந்தது. "மேடம், வட்டச் சுவர் லேசில்ல. பதினெட்டு நாள் ஆச்சு. ஒவ்வொரு செங்கலையும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி வைக்கணும். இதை இடிச்சா, பிளான் பாக்கத் தெரியாதவன்னு எனக்குப் பேரு வரும். முப்பது வருஷத்துல வாங்காத பேரு. நீங்க ஒரு வாசல் வரைஞ்சு கொடுத்தா வேற விஷயம்."

"இதுக்கு வாசல் வரைஞ்சு கொடுத்தா, கூடத்து நடுவுல கதவே இல்லாம ஓர் அறையைப் போட்டவள்னு எனக்குப் பேரு வரும்," என்றார் அம்மா. அவர் குரலும் தணிந்துதான் இருந்தது.

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் குழப்பமே. ஒருவராவது தப்பாகப் பேசியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

"மேஸ்திரி மாமா, குடிக்க ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள் குண்டூசி.

"பாப்பாவா? காபி இருந்தா வாளியில வை கண்ணு. தொண்டை காஞ்சு கிடக்கு."

அவள் காபியை ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா, "குண்டூசி, வண்டில என் அசல் பிளான் இருக்கு. எடுத்துட்டு வா. வட்டம் இருக்கா இல்லையான்னு இவருக்குக் காட்டறேன்," என்றார்.

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். எறும்பு இருக்கையின் மேல் விரித்தாள். நாலு மாதம் குழாய்க்குள் கிடந்த தாள். விரிக்க விரிக்கச் சுருட்டிக்கொண்டது. ஒரு கையால் ஓரத்தைப் பிடித்தாள். மறு கையில் காபி டம்ளர். வேறு வழியில்லாமல் டம்ளரைத் தாளின் நடுவில் வைத்தாள்.

அது போய் உட்கார்ந்த இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அசல் பிளானில் வட்டம் இருந்தது. ஆனால் கறுப்பாக இல்லை, காபி நிறத்தில். டம்ளரின் அடிப்பாகம் அதன் மேல் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டெறும்பு, நசுங்கிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மெல்ல என்னிடம் சொன்னாள்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை. இரவெல்லாம் வரைந்த அம்மா மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பாவமாக இருந்ததால், குண்டூசி முதன்முதலாகத் தானே காபி போட்டு, மேசையில் காலியாக இருந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். காலியாக இருந்த இடம், இந்த வீட்டின் கூடம். பஸ் ஹாரன் கேட்டு விழித்த அம்மா காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தாளை அப்படியே சுருட்டிக்கொண்டு நகல் கடைக்கு ஓடினார். நகல் இயந்திரத்துக்குக் காபியும் தெரியாது, எறும்பும் தெரியாது. எல்லாவற்றையும் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டது.

"வழவழப்பான தாள்தான். ஈர விரலால தேச்சா போயிடும்," என்று முணுமுணுத்தாள்.

உண்மைதான். ஒரு தேய்ப்பு போதும். கறையும் இருக்காது, அவள் மேல் குற்றமும் இருக்காது. அம்மா ஜெயித்துவிடுவார். மேஸ்திரிதான் இல்லாததைக் கட்டியவர் ஆகிவிடுவார்.

வயதில் பெரியவன் என்ற முறையில் நான் ஒரு கண்ணைச் சிமிட்டி, "தேச்சுடு" என்று ஜாடை காட்டினேன்.

கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு உரக்கச் சொன்னாள். "அம்மா! அந்த வட்டத்தை நான்தான் போட்டேன். டம்ளரால. மேஸ்திரி மாமா மேல தப்பே இல்ல!"

அம்மா வந்து பார்த்தார். டம்ளரைத் தூக்கினார், வைத்தார். மறுபடி தூக்கினார், வைத்தார்.

"காபியா?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"ஆமா மாமா. மன்னிச்சுடுங்க."

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போட்ட?"

"மூணு."

"அதான் கோடு இவ்வளவு அழுத்தமா இருக்கு. எறும்பும் அதுக்குத்தான் வந்திருக்கு. நான்கூட யோசிச்சேன், இந்த மேடம் கொம்பு வெச்ச இருக்கையெல்லாம் போடமாட்டாங்களேன்னு."

"யோசிச்சீங்கல்ல? அப்ப கேக்கறதுக்கு என்ன?" என்றார் அம்மா.

"கேக்காதீங்கன்னு சொன்னீங்க."

"அது எப்பவோ! வெளியூர் போனதுமே பதிவுத் தபால் போட்டேனே, சந்தேகம் இருந்தா உடனே எழுதிக் கேளுங்கன்னு!"

"எனக்கு ஒரு தபாலும் வரலையே மேடம்."

எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் கூரையைப் பார்த்தேன். கூரை இன்னும் போடவில்லை.

கையிலிருந்த உறையை மெதுவாக வாளியில் வைத்தேன். அது ஏன் நாலு மாதம் தாமதமானது என்பது பெரிய கதை. அதை இங்கே சொன்னால் இந்தக் கதை கெட்டுவிடும்.

மேஸ்திரி படித்தார். நீளமாக மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடிதம் பெற்றதற்கான கையெழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்தது. மேஸ்திரி மட்டும் வரவில்லை.

"தப்பு யார்மேலயும் இல்லன்னு ஆயிடுச்சு மேடம். ஆனா வாசல் இல்லாத எடத்துல நான் ஓட்டை போடமாட்டேன். பிளான்ல ஒரு வாசல் வரைஞ்சு அனுப்புங்க, வரேன்."

"காபிக் கறைக்கு வாசல் வரையணுமா? நான் படிச்ச படிப்புக்கு அதைச் செய்யவே மாட்டேன்."

மணி மூன்றே முக்கால். தெருமுனையில் கலவை வண்டியின் உருளை கடகடவென்று சுற்றுவது கேட்டது.

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். எங்கள் எல்லாரையும்விட அவள்தான் அதிகம் குழம்பியிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் குழப்பத்திலும் கை சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நீ வாசல் வரைய வேண்டாம்," என்றாள்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கினாள். வட்டத்தின் மேல் ஒரே ஓர் இடத்தில் அழுத்தி, ஒரு தேய்ப்பு தேய்த்தாள். அந்த இடத்தில் மட்டும் கறை போயிற்று. வட்டத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை இடைவெளி.

அசல் பிளானைச் சுருட்டினாள். வாளியில் காபியோடு சேர்த்து உள்ளே அனுப்பினாள்.

முதலில் தாள் விரியும் சத்தம். பிறகு காபியை உறிஞ்சும் சத்தம். அப்புறம் அளவு நாடா 'சர்ர்' என்று இழுபடும் சத்தம்.

"பாப்பா."

"என்ன மாமா?"

"அசல்ல வாசல் இருக்கு."

"ஆமா மாமா."

"ஆனா பிளான்ல கால் அங்குலம்னா இங்க ஓர் அடி. உன் விரலுக்கு ரெண்டேகால் அடிதான் வருது. என் அகலம் ரெண்டே முக்கால்."

வாளி வெளியே வந்தது. குண்டூசி பிளானை எடுத்து, இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். வாளி உள்ளே போனது.

"இப்ப?"

"இப்ப சரி. மூச்சு விடக்கூட இடம் இருக்கு."

டொக், டொக் என்று உளிச் சத்தம். ஒன்றுகூட உடையாமல் செங்கற்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் போய் மறைந்தன. நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, ஒரு கையில் பிளானும் மறு கையில் காலி டம்ளருமாக மேஸ்திரி வெளியே வந்தார். தலையில் காக்கைக் கூடு இல்லாததுதான் குறை, அவ்வளவு தூசி.

"பிளான் மாறிடுச்சு மேடம்," என்றார். "மாறினதைச் செஞ்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேஸ்திரி, இனிமே தயவுசெஞ்சு கேள்வி கேளுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு."

"அதுல ஒண்ணு இப்பவே போயிடுச்சா?"

அதற்குள் ரயில்காரரைக் காணவில்லை. தேடினால், வட்ட அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரும் இதைத் தொடக்கூடாது! நாற்பது வருஷம் தண்டவாளம் காட்டின வழியே போனவன் நான். இங்கதான் யாரும் வழி காட்டாம என் இஷ்டத்துக்குச் சுத்தறேன்!"

அவர் கேட்டபடியே வட்ட அறையை விட்டுவிட்டு, அதன் மேல் மட்டும் கண்ணாடி வைத்துக் கூரை போட்டார்கள். அந்த வீட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. நடுக்கூடத்தில் வட்ட அறை வைக்கும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "காலையில காபி குடிக்கும்போது வந்துச்சு," என்று பதில் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீடு கட்ட வருகிறவர்கள் சிலர் கையோடு டம்ளரும் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவர் தட்டோடு வந்தார், பெரிய குடும்பம்.

மேஸ்திரி இப்போதெல்லாம் புதுப் பிளான் கைக்கு வந்தால், முதலில் முகர்ந்து பார்க்கிறார்.

அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில், காபி டம்ளர் வைப்பதற்கென்றே குட்டியாக ஒரு மேசை இருக்கிறது. குண்டூசிக்காக மேஸ்திரி தன் கையால் செய்து கொடுத்தது. அதற்கு ஆறு கால்கள், இரண்டு கொம்புகள். குண்டூசி தினமும் காலையில் அதன் மேல்தான் காபியை வைக்கிறாள், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரையோடு.

அவ்வளவுதான் கதை. நான் சத்தியம் செய்த அந்த மூன்று பற்களைப் பற்றி ஒரு சின்னத் தகவல்: என் வாயிலிருந்த கடைசிப் பல் விழுந்து இந்த மாதத்தோடு பதினோரு வருஷம் ஆகிறது.